தோற்றவர் கணக்கு

1965, 1971-ஆம் ஆண்டுப் போர்களின் நினைவாக ஜைசல்மேரில் 2015-இல் போர்க் காட்சிசாலை திறக்கப்பட்டது; கைப்பற்றிய டாங்கிகள் அங்கே நிற்கின்றன. தில்லியிலும் ஒன்று எழுப்பத் திட்டம் உண்டு. கொல்லாமையைச் சீலமாகக் கொண்ட நாம் இவற்றை வெறுத்தல் தகுமோ? தகாது. உயிரீந்த வீரனை மறத்தல் நன்றி கொன்ற செயலாம். எனினும், தோற்றவரின் பிணங்களுக்கும் அங்கே கணக்கு வைக்கப்படுமா என்பதே நம் வினா.

அசோகச் சக்கரவர்த்தி வைத்தார். கலிங்கத்தில் மாண்டோர் ஓர் இலட்சம், சிறைகொண்டு செல்லப்பட்டோர் ஒன்றரை இலட்சம் எனத் தம் 13-ஆம் பாறைச் சாசனத்தில் பொறித்தார்; தம் படையில் விழுந்தோரைத் தனியே எண்ணிக் காட்டவில்லை. ஆனால் கலிங்க மண்ணிலுள்ள தௌலிப் பாறையில் அச்சாசனம் இல்லை! புண்பட்டோர் கண்முன் புண்ணைக் காட்டலாகாதெனக் கருதினார் போலும், வெட்கமாகவும் இருக்கலாம். வெல்லப்படாத எல்லைப்புறத்தார் தம்மைக் கண்டு அஞ்சவேண்டா என்னும் ஆணையோ அங்கே உள்ளது.

முதலமடையினராகிய நாமும் எல்லைப்புறத்தாரே. கோவிந்தாபுரம் சாவடிக்கு அப்பால் தமிழ்நாடு. பாலக்காட்டுக் கோட்டையை ஹைதர் அலி 1766-இல் கட்டியதையும், 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் பிடித்ததையும் நம் பிள்ளைகள் அறிவர். அதன் அகழியோரம் மாண்டவர் யார் பெற்ற மக்கள் என்று கேட்டால் விழிப்பர். அங்கே என்றேனும் காட்சிசாலை அமையுமாயின், முதல் அறையில் பீரங்கி வேண்டா. இருபுறத்தும் மாண்டவர் கணக்கை எழுதுக. கணக்குக் கிட்டாவிடின் அச்சுவரை வெறுமையாக விடுக.