கொம்பு முளைத்த காதலன்

ராட்சசக் காதல் நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன். கொம்பும் வாலும் உள்ள நாயகன், அவனைப் பார்த்ததும் அலறும் நாயகி, நடுவில் கொஞ்சம் சிரிப்பு, நிறையக் காதல். முடிவு சுபம் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். "இந்த வயசுல இதையெல்லாமா படிக்கிறீங்க?" என்று கேட்டால், "சும்மா, பொழுதுபோக்கு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் இந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. ஒருவரை நேசிக்க வேண்டுமென்றால் அவர் மாறியே ஆக வேண்டுமா?

இந்த நாவல்களின் பாட்டி ஒரு பிரெஞ்சுக் கதை. 1740இல் வில்நெவ் எழுதிய 'அழகியும் மிருகமும்' கதையை 1756இல் போமோன் சுருக்கி எழுதினார். அந்தச் சுருக்கம்தான் உலகம் சுற்றியது. ஒரு ரோஜாப்பூவுக்காக அவளுடைய அப்பாவை மிரட்டியதைத் தவிர்த்துப் பார்த்தால், போமோனின் மிருகம் மரியாதை தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா?" என்று கேட்கும். அவள் மாட்டேன் என்றதும் பெருமூச்சுவிட்டுப் போய்விடும். கடைசியில் அவள் சம்மதித்ததும் அது அழகான இளவரசனாகிவிடுகிறது. முகத்தைவிடக் குணம் பெரிது என்று சொல்லிவந்த கதை, அதற்குப் பரிசாக முகத்தையே கொடுக்கிறது.

1991இல் வந்த டிஸ்னி படத்தில் மிருகத்துக்குக் கோபம் அதிகம். கத்தும், பொருட்களை உடைக்கும். அவளுடைய அன்பால் திருந்தும். இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடுவான்" என்று நம் வீடுகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை நம்பிக் காத்திருந்த பெண்களின் வருடங்களை யார் கணக்குப் பார்த்தார்கள்?

ரூபி டிக்சன் 2015இல் வெளியிட்ட 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' நாவலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாயகன் வேற்றுக்கிரகவாசி. நீலத் தோல், கொம்பு, வால். கடைசிப் பக்கத்திலும் அதே நீலம், அதே கொம்பு. விலகுவதற்குச் சாபம் ஏதும் இல்லை. பார்க்கப் பயங்கரமானவன் பழகப் பரிவானவனாக இருக்கிறான். லட்சணமான முகத்தைக் காட்டிக் கொடுமையை மறைப்பதைப் பார்த்துப் பழகிய மனசுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒரு முள்ளும் உண்டு. அந்தக் கிரகத்தில் உயிரோடு இருக்க உடம்புக்குள் ஓர் ஒட்டுயிர் வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. மனசு முடிவெடுப்பதற்கு முன்பே நெஞ்சு அதிரத் தொடங்கிவிடும். பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு, இனி நீ பேசாதே என்பதன் விண்வெளிப் பதிப்பு! எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே உறுத்தவும் செய்கிறது. கேட்டுவிட்டு விலகிப்போன அந்தப் பழைய மிருகம், இந்த ஒரு விஷயத்தில் மேல் என்றுகூடத் தோன்றுகிறது.

ரசிப்பதெல்லாம் ஒப்புக்கொள்வது ஆகாது. ஜோடி தானாக அமைந்துவிட வேண்டும் என்ற ஆசையைப் புத்தகத்தோடு மூடிவைத்துவிட முடிகிறது. மூடிய பிறகும் கூட வருவது வேறொன்று: கொம்பு ஒரு குறையே இல்லை, அதோடு வாழ்ந்துவிடலாம். கைநீட்டுகிறவன் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவன் திருந்துவான் என்று ஒருத்தி தன் ஆயுளைக் கொடுக்க வேண்டியதில்லை.