அறிகுறியும் அறிவும்

நெற்பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியா மூட்டையைத் தேடும் வழக்கம் நம் தஞ்சை வயல்களில் உண்டு. ஆனால் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஒன்றன்று. அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். துத்தநாகக் குறைவாக இருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாகவும் இருக்கலாம். நோயுற்ற வயலில் யூரியாவை மிகுதியாக இட்டால் பூச்சிதான் பெருகும். அடையாளம் ஒன்று, அதன் பொருள் பல.

மனித உடலிலும் இதற்கொரு சான்று உண்டு. குடற்சுவருக்குள் வாயு நிறைந்த சிறு கட்டிகள் தோன்றும் அரிய நிலையை மருத்துவர்கள் 'நியூமட்டோசிஸ் சிஸ்டாய்டிஸ் இன்டெஸ்டினாலிஸ்' என்பர். 1730ஆம் ஆண்டிலேயே டுவர்னாய் என்னும் உடற்கூற்றறிஞர் இதனை விவரித்தார். 1952இல் காஸ் என்பவர் 213 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 85 விழுக்காட்டினரிடம் இது வேறொரு நோயின் விளைவே என்று கண்டார். பலருக்கு இதனால் துன்பமே இராது. வேறெதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தென்படும்.

சிக்கல் எழுவது கட்டியொன்று வெடிக்கும்போதுதான். வெளியேறிய வாயு எக்ஸ்-ரே படத்தில் உதரவிதானத்தின் கீழே தெரியும். வழக்கமாக அது குடலில் ஓட்டை விழுந்ததன் அடையாளம். உடனே அறுவை செய்யவேண்டிய அவசரம். ஆனால் இந்நோயாளியோ வலியின்றி அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பார். அவர் வயிற்றைத் திறந்தால் அங்கே ஓட்டை இராது. பிராணவாயு அளித்தோ, கிருமிக்கொல்லி மருந்து தந்தோ, சிலவேளை கண்காணிப்பினாலேயோ அவரைக் காக்கலாம். அதே வாயு குறைமாதக் குழந்தையின் குடற்சுவரில் தெரிந்தாலோ, அது குடல் அழுகலின் அறிகுறி. அங்கே தாமதம் உயிரைக் குடிக்கும்.

எனவே 'கண்டவுடன் அறு' என்னும் விதியும் போதாது. 'எப்போதும் பொறு' என்னும் விதியும் போதாது. இங்கே தேவைப்படுவது விவேகம். புனித தாமஸ் அக்குவினாஸ், சூழ்நிலையை நோக்குவதையும் எச்சரிக்கையையும் விவேகத்தின் கூறுகளாகவே எண்ணினார். படத்தை மட்டுமன்றி, படத்துக்கு உரிய மனிதரையும் பார்ப்பதே அது.

'ஏதாவது செய்யுங்கள், டாக்டர்!' என்று உறவினர் கதறுவது நமக்குப் புதிதன்று. செய்வதே அன்பு, பொறுப்பது அலட்சியம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் விவேகத்தோடு காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. வயிற்றை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்க்கிறார், நாடியைக் கணிக்கிறார், நிலை மாறினால் கத்தியை எடுக்கவும் ஆயத்தமாய் இருக்கிறார். அலட்சியக்காரர் கட்டிலை விட்டு நகர்ந்துவிடுவார், இவர் நகர்வதில்லை. வேறுபாடு அவ்வளவே.

இப்பாடம் மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. மகன் ஒருநாள் இரவு தாமதமாக வந்தான். அண்டை வீட்டார் திருமணத்துக்கு வரவில்லை. உடன்பிறந்தவர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. கண்ட ஒரே அடையாளத்தைக்கொண்டு நாம் எத்தனை உறவுகளை அறுத்துவிடுகிறோம்! அறுத்தபின், உள்ளே ஓட்டை ஏதும் இல்லை என்று தெரிந்தாலும், தழும்பு மட்டும் நின்றுவிடும். கத்தியை எடுக்கும் முன் ஒருமுறை அருகே சென்று, 'உனக்கு எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால் என்ன?