எரிகோ சாலையில் கிடக்கிறவன் யார்?



2019-ஆம் ஆண்டு பரிசுத்த ஸ்தலங்களைப் பார்த்துவிட்டு வந்த நம் சபைச் சகோதரி ஒருவர், ஒலிவமரச் சிலுவையை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்கலங்கினார்கள். "ஐயா, விடியக்காலையில பெத்லகேம்லேர்ந்து எருசலேமுக்குக் கிளம்புனோம். எங்க பஸ் செக்போஸ்ட்டை சுலபமா தாண்டிடுச்சி. பக்கத்துல கம்பி கட்டுன வழியில வேலைக்குப் போற ஆம்பளைங்க நெருக்கிக்கிட்டு நின்னாங்க. நாங்க பாட்டுப் பாடிக்கிட்டே போயிட்டோம். அதுதான் இப்ப உறுத்துது" என்றார்கள்.

இந்த உறுத்தல் ஆவியானவர் தந்தது என்றே நான் விசுவாசிக்கிறேன். 2002-இல் கட்டத் தொடங்கிய அந்தக் காங்கிரீட் சுவர் சில இடங்களில் 8 மீட்டர் உயரம். தற்கொலைக் குண்டுகளுக்குப் பயந்து கட்டினோம் என்கிறது இஸ்ரவேல். எங்கள் நிலத்தையும் வழியையும் அடைத்துவிட்டது என்கிறார்கள் பாலஸ்தீனர். இரண்டு பக்கமும் கண்ணீர் உண்டு.

"ஐயா, நாம ஜெபிக்கப் போறோம், அரசியல் நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்து நாள் பயணத்தில் யாருடைய யுத்தத்தை நாம் தீர்க்க முடியும்?

ஆனால் நல்ல சமாரியன் உவமையைக் கவனியுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் இறக்கம். அந்த வழியில் வந்த ஆசாரியனும் லேவியனும் துன்மார்க்கர் அல்ல. பரிசுத்த ஸ்தலத்தில் ஊழியம் செய்கிறவர்கள். அவர்கள் காயப்பட்டவனை அடிக்கவில்லை, விலகிப் போனார்கள், அவ்வளவுதான். சமாரியனோ கள்ளரைப் பிடிக்கவுமில்லை, சாலையைச் சீர்ப்படுத்தவுமில்லை. நின்றான், பார்த்தான், தன்னால் முடிந்ததைச் செய்தான். விழுந்து கிடந்தவன் எந்த ஜாதி என்று விசாரிக்கவும் இல்லை.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரவேலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காசாவிலே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதே அக்டோபர் 19-இல், காசாவின் பழமையான புனித பொர்பிரியு ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த விசுவாசிகளும் குண்டுவீச்சுக்கு இரையானார்கள். ஒரு தாயின் அழுகைக்குச் செவிகொடுத்து, மறு தாயின் அழுகைக்குக் காதை அடைத்துக்கொண்டால், அது ஜெபமா?

பெந்தெகொஸ்தே நாளை நினையுங்கள். அன்று எருசலேமில் கூடியவர்களும் யாத்திரீகர்களே. அங்கே யூதரும் இருந்தார்கள், அரபியரும் இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரம் சாட்சி சொல்லுகிறது. ஒரே ஆவியானவர் எல்லோருக்கும் விளங்கும்படி பேசினார். அப்படியிருக்க, நம் ஜெபம் ஒரு பக்கத்துக்கு மட்டும் விளங்கினால் போதுமா?

பரிசுத்த தேசத்துக்குப் போகிறவர்களே, போங்கள். ஆனால் கல்லறையைப் பார்க்கிற கண்ணால் வரிசையில் நிற்கிற மனுஷனையும் பாருங்கள். அந்த ஊர் விசுவாசிகளோடு ஒரு ஆராதனையில் உட்காருங்கள். சிலுவை செதுக்குகிறவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். இரு ஜனங்களுக்காகவும் முழங்காலிடுங்கள்.

போக முடியாதவர்களே, கலங்காதீர்கள். எரிகோ சாலை நம் தெருவிலும் உண்டு. இன்று அதில் கிடக்கிறவன் யார்? ஆண்டவர் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.