வாக்கும் அணையும்

தெல்தெனியவின் பழைய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அணை நீரைப் படைக்கவில்லை. நீர் எங்கே தேங்க வேண்டும், எது மூழ்க வேண்டும் என்பதை அணையே தீர்மானித்தது. தேர்தல் விதியும் அத்தகையதே. மக்களின் கருத்தை அது படைப்பதில்லை. எக்கருத்து கட்சியாகத் தலைநிமிரும், எது அமிழும் என்பதை அதுவே வகுக்கிறது.

1977ஆம் ஆண்டுத் தேர்தலை நினைத்துப் பார்ப்போம். தொகுதியில் கூடிய வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், நூற்றுக்கு 51 அளவு வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக்கொண்டது. நூற்றுக்கு 30 அளவு பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே எஞ்சின. வாக்குகள் சிதறிக் கிடந்த சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றுமில்லை. நூற்றுக்கு 7க்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியோ, அவ்வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தமையால் 18 ஆசனங்களை வென்றது.

இம்முறை அரசியலை இரு கட்சிகளை நோக்கி இழுக்கும், விகிதாசார முறை பல கட்சிகளுக்கு இடந்தரும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1951இல் எழுதினார். தன் வாக்கு வீணாகும் என்று அஞ்சும் வாக்காளன், மனத்துக்கு உகந்தவரைக் கைவிட்டு, வெல்லக்கூடிய இருவருள் தீங்கு குறைந்தவரை நாடுகிறான் அல்லவா?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை என்று முதலில் விதித்தது. 1988இல் அது இருபதில் ஒரு பங்காகத் தளர்ந்தது. மதகு திறந்தது. ஆயினும் தெல்தெனிய அடங்கிய கண்டி மாவட்டத்தில் மலையகத் தமிழரின் வாக்குகள் தோட்டந்தோட்டமாகச் சிதறியே உள்ளன. எனவே அவர்களின் கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் வேட்பாளரை நிறுத்தி, விருப்பு வாக்குகளை அவருக்குத் திரட்டுகின்றன. 2015இலும் 2020இலும் வேலு குமார் இவ்வழியிலேயே கண்டியிலிருந்து பாராளுமன்றம் சென்றார்.

இது சந்தர்ப்பவாதமா? வாசலைக் குறுக்கிவிட்டு, குனிந்து நுழைபவனைப் பழிப்பது அறமாகாது. ஆனால் இரவல் சின்னத்துக்கும் விலையுண்டு: கூலி, காணி, வீடு என்ற கோரிக்கைகள் பெரியவரின் வசதிக்காகக் காத்துநிற்க நேர்கிறது.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. எப்படி எண்ணுவது என்று வாதிடுமுன், யாரை எண்ணுகிறோம் என்று கேட்பது நம் கடமை.

விதிகள் இயற்கையல்ல, மனிதர் வகுத்தவை, மனிதரால் மாறக்கூடியவை. கட்சிகள் எத்தனை என்பது விதிக்கு உரைகல்லன்று. மிக எளியவனும் தன் மனச்சான்றை மறைக்காமல் வாக்களிக்க முடிகிறதா என்பதே உரைகல்.