திரைக்குள் நிற்கும் தகுதி

ஆடை களைந்த உடலைப் படம் பிடிப்பது பாவமா? பதுளையில் ஸ்டூடியோ நடத்தும் என்னிடம் இதைக் கேட்டு ஓயாதவர் என் பெரியம்மா. முதுகு தெரியும்படி பெண்களைப் படமெடுக்கிறேன் என்று அவர் காதில் விழுந்த நாளிலிருந்து, "சாமிக்கு இது அடுக்குமா?" என்பார். பெரியம்மாவின் கேள்வியில் சாமி இருப்பதால் சாமியிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழாவில் அபிஷேகம் முடிந்ததும் திரை விழும். உள்ளே குருக்கள் ஈரத்துணியைக் களைந்து, மேனி துடைத்து, சந்தனம் பூசி, பட்டு உடுத்துவார். அம்பாளின் மேனியை அவர் பார்க்கிறார், தொடுகிறார். ஊரில் ஒருவரும் குற்றம் சொல்வதில்லை. அவர் தலைமுழுகி, வெறும் வயிற்றோடு, வாயில் மந்திரத்தோடு நிற்கிறார். கை அவசரப்படாது. வெளியே வந்து அதைப்பற்றிக் கதைக்கவும் மாட்டார். அம்பாளின் வெட்கத்தை மறைக்கத்தான் திரை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அந்த மேனியில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கட்டுப்பாடு வேண்டியது பார்க்கிற கண்ணுக்கு. அதை ஏற்றுக்கொண்டவருக்கு மட்டும் திரைக்குள் இடம். தாருகாவனத்தில் துணியில்லாமல் திரிந்த சிவனைப் பிட்சாடனராகச் செப்பில் வார்த்து வீதியுலா கொண்டுபோனவர்கள் நம் முன்னோர். உடம்பைக் கண்டு நடுங்கிய சமயம் இதைச் செய்திருக்காது.

நடுங்கியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1817, 1818-இல் ஊவா வெல்லஸ்ஸவில் எழுந்த கிளர்ச்சியை நசுக்கிய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக், 1830-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு பௌத்தப் பெண்தெய்வமான தாராவின் சிலை ஒன்றைக் கொடுத்தார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன்முலாம் பூசிய வெண்கலம். இடுப்புக்கு மேல் ஆடை இல்லை. பொதுமக்கள் பார்க்கக் கூடாதென்று அங்கே சுமார் முப்பது ஆண்டுகள் அதை உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள். இங்கே, வெல்லவாயவுக்குப் பக்கத்தில் புதுருவகலைப் பாறையில், 51 அடி உயரப் புத்தர் நிற்கும் அதே வரிசையில் தாரா வெயிலும் மழையும் பட நின்றுகொண்டிருக்கிறாள்.

அந்தச் சிலையைப் பூட்டி வைத்த அதே நூற்றாண்டின் முடிவையொட்டி நம் பெண்களின் படங்கள் தபால் அட்டையாக விற்பனைக்கு வந்துவிட்டன. ஒதுக்கப்பட்ட ரொடியா சாதிப் பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பது பழைய கண்டி இராச்சியத்தின் சாதிக் கட்டளை. அந்தத் தண்டனையை ஸ்டூடியோக்கள் அழகுப் பொருளாக்கிக் காசு பார்த்தன. கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணும் அப்படித்தான் விற்கப்பட்டாள், பெயரில்லாமல், 'கூலி' என்ற ஒரு சொல்லோடு. என் அப்பாயி சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. மாராப்பு மட்டும்தான். லயத்து வாசலில் எத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவமானம் அவர் தோளில் இருக்கவில்லை. ஒரு துரையின் கெமரா முன்னால் அவரை நிறுத்தியிருந்தால் அங்கேதான் அது பிறந்திருக்கும்.

லயனல் வென்ட்டின் படங்களுக்கு முன்னால் நான் குழம்பி நிற்கிறேன். 1944-இல், 44 வயதில் மறைந்த இந்தக் கொழும்புக் கலைஞர்தான் இலங்கையில் ஆடையற்ற உடலை முதல்தரக் கலையாகப் படமெடுத்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், நவீன ஓவியர்களின் '43 குழுவுக்குத் தூண். அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன; 1950-இல் ஒரு புத்தகம் வந்தது. உழைத்து இறுகிய தோளில் அவர் வெளிச்சத்தை இறக்கியிருக்கும் விதம் எந்தச் சிற்பிக்கும் குறைந்ததல்ல. அந்தக் கை என்னிடம் இல்லை, இருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அந்தத் தோளுக்குரியவர் யார்? வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்திருக்குமா? பல படங்களில் பெயர்கூட இல்லை. வென்ட்டை நான் குற்றவாளி ஆக்கவில்லை. திறமை இருந்தால் மரியாதையும் தானாக வந்துவிடும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

பசறைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா என்னிடம் வந்தார். முதுகை எடுக்க வேண்டும் என்று கேட்டது அவர்தான். உடனே எடுக்கவில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, நம்பிக்கையான ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இறுக்கமாக எதுவும் உடுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். இலாஸ்டிக் தடம் தோலிலிருந்து மறைய அரைமணிக்கு மேல் ஆகும். அவர் தங்கச்சியோடு வந்தார். தை மாதக் காலைக் குளிருக்கு ஹீட்டர் போட்டேன். குளிரில் சிலிர்த்த உடம்பு தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும். கிழக்கு ஜன்னலுக்கு வெள்ளைத் துணி, எதிர்ப் பக்கம் கறுப்புத் துணி. பக்கவாட்டு வெளிச்சம் முதுகை உரசிக்கொண்டு போனால்தான் தண்டின் பள்ளம் தெரியும். தூரத்திலிருந்து 85 மி.மீ. லென்ஸ். எப்படித் திரும்ப வேண்டும் என்பதை நானே திரும்பிக் காட்டினேன், அவரைத் தொடவில்லை.

கூடைக் கயிறு இழுத்து இழுத்து உச்சியில் ஒரு கோடு முடியில்லாமல் போயிருந்தது. படங்குச் சாக்கைக் கட்டிய இடுப்பைச் சுற்றிக் கறுத்த பட்டை. "கயித்துத் தடம் விழுதா பாரு புள்ள. தோட்டத்துச் செக்ரோல்ல பேரு மட்டுந்தான் இருக்கு. இது எங்கயும் எழுதல்லையே" என்றார்.

முடிந்ததும் சேலையை உடுத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். வேண்டாம் என்று பட்ட படங்களை அவரே அழித்தார். வெளிச்சம் மிக அழகாக விழுந்த ஒன்றையும் அழித்தார். எனக்கு வலித்தது, தடுக்கவில்லை. மிஞ்சியதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் சொல்லாமல் அது வேறெங்கும் போகாது.

நம் நாட்டில் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1927-இல் வந்தது. அது படத்தைப் பார்க்கும். படம் எடுத்த அறையில் என்ன நடந்தது என்று கேட்காது. தர்மம் அந்த அறையைத்தான் முதலில் கேட்கும் என்பது என் நம்பிக்கை. அந்த அக்காவின் முதுகை எடுத்ததில் பாவம் இல்லை. எல்லவிலும் ஹப்புத்தளையிலும் கொழுந்தெடுக்கும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் எடுக்கப்படும் படத்தில் இருக்கிறது, அவள் கழுத்துவரை உடுத்தியிருந்தாலும்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, இப்படிப்பட்ட படம் நீங்கள் எடுக்காமலே இருக்கலாம். ஆனால் மணப்பெண்ணும் சமைந்த பிள்ளையும் உங்களிடம் உடுப்பு மாற்றத்தான் செய்கிறார்கள். அந்த அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.