இழந்தவரின் ஈட்டம்

செய்தி முகமை என்பது பல நாளேடுகளுக்காகச் செய்திகளைத் திரட்டிச் சந்தா பெற்று வழங்கும் நிறுவனம். செய்தியோடு அதன் சுருக்கப் பெயர் மட்டுமே அச்சாவதால், அதை நடத்துபவரை வாசகர் அறிவதில்லை. அத்தகைய பணிக்கு உழைத்த ஒருவர் தாம் தொடங்கியவற்றில் பெரும்பாலானவற்றை இழந்து மறைந்தால், அவ்வாழ்வைத் தோல்வி என்று தள்ளிவிடலாமா என்ற கேள்வியை இதழாளர் எஸ். சதானந்தின் வாழ்க்கை எழுப்புகிறது.

அவர் எதிர்த்து நின்றது பிரிட்டனின் ராய்ட்டர் செய்தி முகமையை. அதைக் கால் நூற்றாண்டு நடத்திய சர் ரோடரிக் ஜோன்ஸ், முதல் உலகப் போரின்போது அரசின் பிரசாரப் பணியிலும் பொறுப்பு வகித்தவர். அரசோடு கொண்ட நெருக்கம் இறுதியில் வினையாகி, 1941இல் அவர் பதவி விலக நேர்ந்தது. இந்தியாவின் உள்நாட்டுச் செய்தியைத் திரட்டிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும் ஜோன்ஸின் காலத்தில் ராய்ட்டரின் உடைமையாக இருந்தது. அந்த ஆதிக்கத்துக்கு எதிராக 1920களில் ஃப்ரீ பிரஸ் முகமையைத் தொடங்கிய சதானந்த், 1930இல் பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னலையும், 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியின் நினைவு நாளில், சென்னையில் தினமணியையும் கொண்டுவந்தார். ஆட்சிக்குப் பிடிக்காததை எழுதினால் பறிக்கப்படும் ஜாமீன் தொகையைக் கட்டியும் இழந்தும் தாக்குப்பிடித்தவரின் முகமை, 1930களின் நடுவில் பண நெருக்கடியால் நின்றுபோயிற்று. தினமணி நாளேட்டு உரிமையாளர் ராம்நாத் கோயங்காவின் கைக்குச் சென்றது.

எனினும் 1947 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா (பிடிஐ) பதிவானபோது, அதன் அமைப்பு ஆவணத்தில் ஒப்பமிட்ட எழுவரில், ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனோடு சதானந்தும் ஒருவர். சதானந்த் 1953இல் மறைந்தார். மூன்றாண்டுக்குப் பின், 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ, ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரியலூர்ப் பகுதியின் துயரை நாடறியச் செய்யும் பொறுப்பு, இந்திய நாளேடுகளுக்கே உரிமையான பிடிஐ முகமையிடம் இருந்தது.

ஆள்பவர் தவறுக்குப் பொறுப்பேற்பது அவரது பண்பு. அப்பொறுப்பை மக்கள் கேட்டுப் பெறுவதற்கோ, நடந்ததை மறைக்காமல் சொல்லும் செய்தி வேண்டும். அதற்கான வழியை அமைக்க உதவியவர் தம் உடைமைகளை இழந்திருக்கலாம். ஆனால் எதற்காக அவற்றை இழந்தாரோ, அது நாட்டுக்குக் கிடைத்துவிட்ட பின், அந்த வாழ்வை நிறைவுற்றதாக மதிப்பதே நியாயம்.