நடுக்கடலில் நோன்பும் பட்டினியும்

கடல் மனிதனுக்குத் தொன்றுதொட்டு இரண்டு பாடங்களைக் கற்பித்து வந்துள்ளது. ஒன்று தன் சிறுமை, மற்றொன்று பிரிவு. கரையை நீங்கிய கப்பல் தொடுவானில் மறைந்ததும், அதில் ஏறியவர் தம் உற்றாருக்கு ஏறத்தாழ இறந்தவர் போலவே ஆனார். அவர் திரும்பி வந்தால் அது மறுபிறவி. இவ்விரண்டாம் பாடத்தை நம் தலைமுறை மாற்றி எழுதிவிட்டது. இன்று உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் சாய்ந்திருக்கும் பயணி ஒருவர், நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்கையிலேயே, தம் கைப்பேசியில் திரைப்படம் பார்க்கலாம். கிரிக்கெட் ஆட்டத்தை நேரலையில் காணலாம். பேரக்குழந்தையின் முகம் பார்த்துக் கொஞ்சலாம்.

இதைக் கண்டு, "கடலுக்குப் போயுமா இந்தக் கருவி?" என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். "வசதி இருக்கும்போது அனுபவித்தால் என்ன குற்றம்?" என்று கேட்போரும் உண்டு. இரு சாராருமே பயணியை மட்டும் மனத்திற்கொண்டு பேசுகின்றனர். அப்பயணிக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செல்கிறானே ஓர் இளைஞன், அவனை இருவருமே காண்பதில்லை. அவனையும் சேர்த்து எண்ணும்போதுதான் இது அறநெறிக் கேள்வியாகிறது.

மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடற்பயணத்தைப் பற்றி ஏன் கவலை என்று திருவண்ணாமலை வாசகர் எண்ணக்கூடும். உண்மையில் இவ்வினாவை எடைபோட நம் ஊரைவிடத் தகுந்த ஊர் அரிது. உலகத்தோடு கொண்ட தொடர்பைத் தாமே அறுத்துக்கொள்ள விரும்புவோர் நெடுந்தொலைவிலிருந்து தேடிவரும் ஊர் இது. 1896-ஆம் ஆண்டு பதினாறு வயதில் இங்கு வந்த இரமண மகரிஷி, ஆண்டுக்கணக்கில் மௌனம் காத்தார். பிரான்சு நாட்டுப் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெசோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றவர், 1949-இல் அவரைக் காண வந்தார். 1952 முதல் பலமுறை இம்மலைக் குகைகளில் தங்கித் தனிமையில் செபித்தார். மௌனம் வெறுமையன்று, அது நிறைவு என்பதை நம் திருச்சபைக்கு அவர் எடுத்துரைத்தது இம்மலையின் அனுபவத்திலிருந்தே.

அதே மண்ணின் சிற்றூர்களிலிருந்து, உணவக மேலாண்மை பயின்ற இளைஞர்கள் சமையற்கூடப் பணியாளராகவும், பரிமாறுவோராகவும், அறை துப்புரவு செய்வோராகவும் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களில் ஏறுவது இன்று புதுமையன்று. அவர்களுடைய வீடுகளில் தாய்மார் கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கின்றனர். ஆக, தொடர்பை விட்டுவிட வருவோரும், தொடர்புக்காக ஏங்குவோரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். முன்னது நோன்பு, பின்னது பட்டினி. இரண்டிலும் வயிறு காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்ண உணவிருந்தும் உண்ணாதிருப்பவன் மட்டுமே நோன்பாளி.

உறவுக்கு ஏங்குவது ஆன்மிகக் குறைபாடு என்று யாரேனும் எண்ணினால், அவர் புனித சவேரியாரை நினைத்துப் பார்க்கட்டும். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறிய அவர், 1542 மே 6-ஆம் நாள்தான் கோவாவை அடைந்தார். பயணமே பதின்மூன்று மாதங்கள். முத்துக்குளித்துறையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் அவர் எழுதிய மடல்களுக்கு மறுமொழி கிடைக்க ஆண்டுகள் ஆயின. தம் சபைத் தோழர்கள் அனுப்பிய மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்து, அவற்றை அவர் எப்போதும் தம்மோடு தாங்கிச் சென்றார். அனைத்தையும் துறந்த அப்புனிதருக்கும் ஒரு கையெழுத்தின் அண்மை தேவைப்பட்டது. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே ஒரு தீவில் அவர் இறந்தார். அச்செய்தி எட்டாத நிலையில், 1553 சூன் மாதம் புனித இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்து மடல் எழுதினார். இறந்து அரையாண்டு கடந்த நண்பருக்கு எழுதிய அழைப்பு அது! தூரம் மனிதருக்கு இழைக்கும் கொடுமைக்கு இதனினும் உருக்கமான சான்று வேண்டியதில்லை.

அத்தூரத்தை இன்று வென்றிருக்கும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். நெடுங்காலம் கப்பல்களின் இணையத் தொடர்பு, நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தது. இங்கிருந்து எழும் கேள்வி அங்கு சென்று இறங்கி, விடை திரும்பி வர அரை நொடிக்குக் குறையாமல் ஆகும். பேச்சு இடறும், படம் உறைந்து நிற்கும், கட்டணமோ மிகுதி. அண்மை ஆண்டுகளில், ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்கள் அந்நிலையை மாற்றின. 2022-ஆம் ஆண்டு ராயல் கரீபியன் குழுமம் இத்தகைய ஸ்டார்லிங்க் இணைப்பைத் தன் கப்பல்களில் பொருத்தப்போவதாக அறிவித்தது, பிறரும் தொடர்ந்தனர்.

ஆயினும் வாய்க்கால் எவ்வளவு அகலமாயினும் நீர் அளவுக்குட்பட்டதே. தெளிவான திரைப்படம் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ மூன்று கிகாபைட் செல்லக்கூடும். வீட்டாரோடு குரல்வழி பேசுவதற்கு அதில் மிகச் சிறு பங்கே போதும். ஏரிப் பாசனம் அறிந்த நம் உழவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைமடைக்காரர் மூன்று போகத்திற்கும் நீரைத் தேக்கிக்கொண்டால், கடைமடைக்காரரின் ஒரு போகமும் காயும். உல்லாசக் கப்பலில் பயணியே தலைமடை. கீழ்த்தளத்துச் சிற்றறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் ஊழியரே கடைமடை.

அவ்வூழியரின் நாளைச் சற்று நோக்குவோம். பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அவருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. அதாவது பதினான்கு மணி நேரம் வரை உழைக்க நேரலாம். மாதக்கணக்கில் வீடு காணாத வாழ்வு. கரீபியக் கடலில் நள்ளிரவு அவர் பணி முடித்து அறைக்குத் திரும்பும்போது, திருவண்ணாமலையில் காலை ஒன்பதரை மணி. மனைவி வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள். குழந்தை பள்ளிக்குச் சென்றுவிட்டது. எஞ்சும் சில மணித்துளிகளுக்கும் பல கப்பல்களில் அவர் தம் ஊதியத்திலிருந்தே பணம் கட்ட வேண்டியுள்ளது. அவருக்கு அந்த அழைப்பு அன்றாட அப்பம். அதே கதிரில் வரும் திரைப்படம் பயணிக்குப் பலகாரம். பலகாரம் உண்பது பாவமன்று. அப்பம் வேண்டி நிற்பவன் எதிரில் இருக்க, அவன் பங்கையும் பலகாரத்துக்கே செலவிடும் ஏற்பாடுதான் பிழை.

முந்துரிமை தவறினால் நேரக்கூடியதைக் கடல் ஒரு முறை நமக்குக் காட்டியுள்ளது. 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் பயணிகளின் சொந்தச் செய்திகள் குவிந்திருந்தன. முந்தைய நாள் கருவி பழுதுபட்டிருந்ததால் அவை தேங்கிவிட்டன. அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பல், தான் பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்டதாக அறிவிக்க முற்பட்டபோது, பயணிகளின் செய்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் தந்தியாளர் குறுக்கிட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். கலிபோர்னியன் தந்தியாளர் பின்னர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தந்தியாளர் மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. இறுதிவரை உதவி கேட்டுச் செய்தி அனுப்பி, அவரும் உயிர் துறந்தார். வாழ்த்தும் நலவிசாரிப்பும் தீயவையல்ல. எது முதலில் என்ற ஒழுங்கு அங்கு இல்லை. உலகம் அதைப் பின்னரே கற்றது. கப்பல்களில் இடையறாத தந்திக் காவலுக்கு 1914-ஆம் ஆண்டு உடன்படிக்கை வழிசெய்தது.

நம் காலத்திலும் அத்தகைய ஒரு விழிப்பு நேர்ந்தது. 2020 பிப்ரவரியில், யோக்கோகாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பல் பெருந்தொற்றால் முடக்கப்பட்டது. அதில் 3,711 பேர் இருந்தனர். எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பயணிகள் அறைகளுக்குள் காக்கப்பட, ஊழியர் அவர்களுக்கு உணவு சுமந்து சென்றனர். இந்திய ஊழியர் சிலர் தம் அச்சத்தையும் வேண்டுகோளையும் காணொலியாக நாட்டுக்கு அனுப்பினர். அந்நாள்களில் இணையம் அவர்களுக்குப் பொழுதுபோக்காக இல்லை. அது அபயக்குரலாக இருந்தது.

தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-இல் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. கப்பல் ஊழியரின் நலவசதிகளுள் உறவுத் தொடர்பும் ஒன்றென அவை ஏற்றுக்கொண்டன. ஆயினும் வழிகாட்டு நெறியின் சொற்கள் கவனிக்கத்தக்கவை: இயன்றவரை இணையம் தரப்பட வேண்டும், கட்டணம் இருப்பின் அது நியாயமானதாக இருக்க வேண்டும். 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் ஒரு கப்பலே நுழைந்து செல்லலாம். அவ்விடைவெளியை நிரப்புவது சட்டமன்று, மனச்சான்று. படைக்கப்பட்ட பொருள்கள் யாவும் மனிதர் அனைவருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. வானிலிருந்து இறங்கும் அலையும் அப்பொதுச் சொத்தில் அடங்கும் என்பதே நம் துணிபு. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் கடல்சார் மேய்ப்புப்பணியினர், துறைமுகங்களில் கப்பல்களுக்குச் சென்று, வீட்டாரோடு பேச மாலுமியருக்கு சிம் அட்டைகள் வழங்குவதும் இவ்வுணர்வாலேயே.

இனிப் பயணியிடம் திரும்புவோம். அவர் களிப்பை நாம் கண்டிக்கவில்லை. மனத்திற்கும் இளைப்பாறுதல் தேவை என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். எந்நேரமும் வளைத்து வைத்த வில் முறிந்துபோகும் என்று புனித யோவான் உணர்த்திய பழங்கதையை அவர் அதற்கு எடுத்துக்காட்டினார். ஆனால் இளைப்பாறுவதற்கென்றே கடலுக்கு வந்தவர், வீட்டுக்கூடத்துத் திரையை அங்கும் விரித்து வைத்தால், அவர் வில்லின் நாண் தளர்ந்ததா? 2022 சூனில் சென்னையிலிருந்தும் உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிற்று. அப்பயணம் நம்மவருக்கும் எட்டும் ஒன்றாகிவிட்டது. புறப்படுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள் உள்ளன. இத்திரை என்னை ஒரு மனிதரிடம் அழைத்துச் செல்கிறதா, எதிரிலுள்ள மனிதரிடமிருந்து விலக்கிச் செல்கிறதா? எனக்குப் பணி செய்பவருக்கு இவ்வசதி கிடைக்கிறதா? இரண்டாம் கேள்வியைப் பயணச்சீட்டு வாங்கும் இடத்தில் வாய்விட்டுக் கேட்பவர் பத்துப் பேர் இருந்தாலும் நிறுவனங்கள் செவிசாய்க்கும்.

இணையம் தரும் அண்மைக்கும் எல்லை உண்டு என்பதைத் திருச்சபை மறவாது. இணையத்தின் வழியே அருளடையாளங்கள் இல்லை என்று 2002-இல் திருப்பீடம் தெளிவுபடுத்தியது. தேவாலயங்கள் அடைபட்டிருந்த 2020 ஏப்ரலில், திருத்தந்தை பிரான்சிசும், மக்களும் அப்பமும் இல்லாத திருச்சபையாக நாம் ஆகிவிடும் ஆபத்தை எச்சரித்தார். கடவுள் நமக்குச் செய்தி மட்டும் அனுப்பி நின்றுவிடவில்லை, வார்த்தை மனுவுருவானார். உடலோடு உடன் இருத்தலே அன்பின் முழு வடிவம். டைட்டானிக்கில் பயணம் செய்த தாமஸ் பைல்ஸ் என்ற குருவானவர், மூழ்கும் தளத்தில் மக்களின் ஒப்புரவு வாக்குமூலம் கேட்டு, அவர்களோடு செபித்து, அவர்களோடே இறந்தார். எந்தக் கருவியும் தர இயலாதது அந்த உடனிருப்பு. ஆனால், உடனிருக்க இயலாதபடி வறுமையோ கடமையோ பிரித்து வைத்தவருக்கு, ஒரு முகத்தின் நிழலும் பெருங்கொடை. முழுமை இல்லை என்பதற்காக உள்ளதையும் மறுப்பது அறமாகாது.

பயணத்தின்போது திரையைச் சில நாள் மூடி வைப்போர் நற்செயல் புரிகின்றனர். கடலையும் அதைப் படைத்தவரையும் அவர்கள் கண்ணெடுத்துப் பார்ப்பர். ஆனால் நோன்பு அத்தோடு முடிவதில்லை. பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்தளிப்பதே தமக்கு உகந்த நோன்பு என்று எசாயா இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் உரைத்திருக்கிறார். நாம் உண்ணாமல் விட்டது பிறருக்கு உணவாகும்போதுதான் அது நோன்பாகிறது. எனவே, கப்பல் ஊழியர் இருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் எவை என்று அன்பியங்கள் கேட்டறியட்டும். சூலை இரண்டாம் ஞாயிறாகிய கடல் ஞாயிறன்று அவர்களுக்காகச் செபிப்போம். கடலில் மகன் இருக்கும் வீட்டில் அழைப்பு மணி ஒலித்தால், ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நிறுத்திவிட்டு அமர்ந்து பேசுவோம். அவன் அந்த ஐந்து மணித்துளிகளை உறக்கத்திலிருந்து எடுத்து நமக்குத் தந்திருக்கிறான்.